சொடக்கு மேடம்

“வெளிய மழையாக்கா?” என்று கேட்டால் நம்மில் யாரும் சத்தத்தை வைத்தே ஆமாம் என்று சொல்லிவிடுவோம். அக்கா எழுந்து போய் ஜன்னலைத் திறந்து, கையை வெளியே நீட்டிப் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்த பிறகுதான், “பெய்யுது” என்பார்.

பசுமலைப் பக்கம் ஒரு கல்லூரியின் விலங்கியல் துறையில் நாங்கள் இருவரும் தற்காலிக விரிவுரையாளர்கள். எடுத்த மணிக்குச் சம்பளம், விடுமுறைக்கு ஒன்றுமில்லை. என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர் என்பதால் அக்கா என்று கூப்பிடுவேன். மாணவர்களுக்கு அவர் சொடக்கு மேடம். பெயரை எழுதினால் ஒருவேளை யாராவது இதைக் கொண்டுபோய் அவரிடம் காட்டிவிடுவார்கள். “இதுல பாதி நீ பாக்கலயே” என்று கேட்பார். அதனால் அக்கா என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

சொடக்கு மேடம் என்ற பெயர் வந்தது வண்டால். முதலாண்டு மாணவர்களுக்குப் பூச்சிகளைப் பற்றிய பாடம் தொடங்கும்போது ஒரு சின்ன டப்பாவிலிருந்து கருப்பும் பழுப்புமாக நீளவாக்கில் இருக்கும் ஒரு வண்டை எடுத்து மேசையில் மல்லாத்திப் போடுவார். கொஞ்ச நேரம் அது செத்ததுபோலக் கிடக்கும். பிறகு உடம்பை வில்லாக வளைக்கும். அந்த வண்டுக்கு நெஞ்சின் அடியில் ஒரு முள் இருக்கிறது, அதற்குப் பின்னால் அந்த முள் போய் உட்கார ஒரு குழி. முள் குழியின் விளிம்பில் முட்டிக்கொண்டு நிற்கும். பிறகு சட்டென்று வழுக்கி உள்ளே விழும். விரலைச் சொடக்கியது மாதிரி ஒரு சத்தம். வண்டு எகிறி, காற்றில் புரண்டு கீழே விழும். சில சமயம் மறுபடியும் மல்லாந்தே விழும். மறுபடி சொடக்கும்.

“மேடம், இது எதுக்கு சொடக்குது? எதிரிய பயமுறுத்தவா?”

“புத்தகத்துல அப்பிடித்தான் போட்டிருக்கு. பரீச்சையில எழுதுங்க, மார்க் வரும். மல்லாந்தது திரும்பி விழுறத நான் பாத்திருக்கேன். எதுவும் பயந்து ஓடுனத பாக்கல.”

பார்க்காததைச் சொல்ல அவருக்கு வாய் வராது. முதலில் எனக்கு அது வேடிக்கையாக இருந்தது. எங்கள் வீட்டில் பேசுவது சௌராஷ்டிரம். பஸ்ஸில் போனில் மாமியாரோடு நான் சண்டை போட்டு முடித்ததும் அக்காவிடம், “என்ன சண்டைன்னு கேக்க மாட்டீங்களா?” என்றேன். “சண்டையா? எனக்குப் புரியலயே. பாசமாப் பேசுறியோன்னுகூட நெனச்சேன்” என்றார். கிண்டல் இல்லை. நிஜமாகவே அப்படித்தான் உட்கார்ந்திருந்தார்.

வேடிக்கை எப்போதும் வேடிக்கையாக முடியவில்லை. அவருடைய அவனியாபுரத்துத் தெருவில் ஒரு பையனுக்குப் பெண் பார்த்திருந்தார்கள். பெண் வீட்டார் விசாரிக்க வந்தபோது, காலேஜ் டீச்சர் சொன்னால் சரியாக இருக்கும் என்று இவரிடம் கேட்டிருக்கிறார்கள். “நல்ல பையன்னு எல்லாரும் சொல்றாங்க. நான் பழகிப் பாக்கல” என்று சொல்லிவிட்டார். வந்தவர்களுக்கு அந்த இரண்டாவது வாக்கியமே போதுமானதாக இருந்தது. சம்பந்தம் நின்றது. பையனின் அம்மா வாசலில் வந்து நின்று கத்தினார். எங்கே தவறினோம் என்று அக்காவுக்கு உண்மையிலேயே விளங்கவில்லை. மறுநாள் என்னிடம், “நான் ஒண்ணும் தப்பாச் சொல்லலயே?” என்று மூன்று தடவை கேட்டார்.

அந்த வண்டு அவருடைய வாழ்க்கைக்குள் வந்தது ஒரு தென்னந்தோப்பின் வழியாக. சோழவந்தான் பக்கத்து விவசாயி ஒருவர், மகள் எங்களிடம் படித்துக்கொண்டிருந்தாள், ஒரு பிளாஸ்டிக் பையில் புழுக்களோடு துறைக்கு வந்தார். மெல்லிசான, பளபளப்பான, செம்பழுப்புப் புழுக்கள். கையில் எடுத்தால் கம்பித் துண்டுபோல விறைப்பாக இருந்தன. சொடக்கும் வண்டின் புழுப்பருவம் இதுதான். தோப்பில் கன்றுகள் பட்டுப்போகின்றன, எருக்குழியைக் கிளறினால் இந்தக் கம்பிப்புழுதான் நெளிகிறது, மருந்துக் கடைக்காரர் இதுதான் வேரைத் தின்கிறது என்கிறார், மருந்து ஊற்றலாமா என்று கேட்டார்.

“இது வேரத் திங்கிறத நான் பாக்கலண்ணே. வேற எதையும் திங்கிறதயும் பாக்கல. ஒரு மாசம் டயம் குடுங்க, பாத்துச் சொல்றேன்.”

“ஒரு மாசத்துல என் கன்னெல்லாம் செத்துப் போகுமேம்மா?”

“போகும்ண்ணே. ஆனா தெரியாமச் சொல்ல முடியாதுல்ல?”

அந்த மாதத்தின் ஞாயிற்றுக்கிழமைகளில் நானும் அவரோடு போனேன். எருக்குழியின் ஓரத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, வெறுங்கையால் எருவை அடுக்கடுக்காக விலக்குவார். தென்னையின் குருத்தைக் கடிக்கும் காண்டாமிருக வண்டின் புழு, கட்டைவிரல் தடிமனில் வெள்ளைவெளேரென்று சுருண்டு அதே குழியில் கிடக்கும். மூன்றாவது ஞாயிறு மதியம், வெயிலில் எனக்குத் தலை சுற்றிக்கொண்டிருந்தபோது, “இங்க வா, மூச்சு விடாம வா” என்றார். ஒரு கம்பிப்புழு வெள்ளைப்புழுவின் விலாவில் தலையைப் புதைத்திருந்தது. தன்னைவிடப் பல மடங்கு தடித்த ஒன்றை அது நிதானமாக உள்ளிருந்து தின்றுகொண்டிருந்தது. அக்கா அரை மணி நேரம் அசையவில்லை. முழங்காலில் எறும்பு ஏறியதைக்கூடத் தட்டவில்லை.

விவசாயி வீட்டுக்கு ஏறக்குறைய ஓடினோம். கம்பிப்புழு எதிரி இல்லை, வெள்ளைப்புழுவைத் தின்பதே அதுதான், மருந்து ஊற்றாதீர்கள் என்று அக்கா மூச்சிரைக்கச் சொன்னார். விவசாயி தலையைக் குனிந்துகொண்டார்.

“அந்தப் பக்கத்துக் குழியில நேத்தே ஊத்திட்டேன்மா. அம்புட்டு நாளு காத்திருக்க முடியல.”

ஊற்றிய குழியில் எல்லாமே செத்துக் கிடந்தன. “இதுகள வளத்துப் பாக்கணும்” என்று மட்டும் சொல்லிவிட்டு, ஊற்றாத குழியிலிருந்து ஒன்பது புழுக்களை எருவோடு சேர்த்து சாப்பாட்டு டப்பாவில் போட்டுக்கொண்டார். திரும்பும் பஸ்ஸில் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு வந்தவர், ஒரு கேள்வி கேட்டார். “மொத நாளே ஊத்தாதீங்கன்னு சொல்லியிருக்கணுமோ?” நான் ஆமாம் என்று சொல்ல நினைத்து, டப்பா சாயாமல் ஒரு கையால் பிடித்துக்கொண்டேன்.

ஒன்பதையும் ஒரே பெட்டியில் விட்டதில் ஒன்றையொன்று தின்று மூன்றாகிவிட்டன. மூன்றையும் பூஞ்சை பிடித்தது. அடுத்த தடவை ஒரு புழுவுக்கு ஒரு பெட்டி என்று பிரித்து வைத்தார், எறும்பு வந்தது. அதற்கடுத்த தடவை கட்டிலின் கால்களைத் தண்ணீர்க் கிண்ணங்களில் நிறுத்தி, கட்டிலின்மேல் பெட்டிகளை வைத்துவிட்டு அவர் தரையில் படுத்தார். ஒரு பக்கம் கண்ணாடி பதித்து, அதன்மேல் கறுப்புத் தாள் ஒட்டிய பெட்டிகள். தாளைத் தூக்கினால் மண்ணுக்குள் புழு தெரியும். இந்தப் புழு அவசரப்படுகிற ஜாதி இல்லை. பல மாதம் தின்னும், தோல் உரிக்கும், மறுபடி தின்னும். ஒரு வருடம் போய் அடுத்த வருடமும் புழுவாகவே இருக்கும். கூட்டுப்புழுவாகிக் கடைசியில் வண்டு வெளிவருவதைப் பார்க்க வேண்டும் என்று காத்திருப்பார். அவர் விடைத்தாள் திருத்தப் போன வாரத்திலோ, தேர்வு மேற்பார்வைக்குப் போன நாளிலோ அது நடந்துவிடும். வீட்டுக்கு வந்து தாளைத் தூக்கினால் வண்டு ஒன்றும் தெரியாததுபோல உட்கார்ந்திருக்கும். அவருடைய நோட்டில் பக்கம் பக்கமாக ‘பார்க்கவில்லை’ என்றுதான் எழுதியிருக்கும்.

இந்த வண்டைப் பற்றித்தான் முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்திருந்தார். வழிகாட்டி எங்கள் துறைத்தலைவர். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். ஓய்வு பெறுவதற்குள் கையில் இருப்பதையெல்லாம் முடித்துவிட நினைத்தவர். “ஏம்மா, வெளிநாட்டு வண்டு ஒண்ணப் பத்தி பழைய கட்டுரை இருக்குல்ல? அதுல இருக்க காலத்த எடுத்துப் போட்டு, ஏறத்தாழ இதேன்னு எழுதி முடிச்சிரு. யாரு வந்து பாக்கப் போறா?” என்றார்.

“அதான் சார் பிரச்சினை. யாருமே பாக்கல.”

இரண்டு முறை கால நீட்டிப்பு வாங்கினார். எங்களோடு சேர்ந்தவர்கள் முடித்து, பெயருக்கு முன்னால் பட்டம் போட்டுக்கொண்டு வேறு கல்லூரிகளுக்குப் போனார்கள்.

இனி என் கதைக்கு வருகிறேன். அதைச் சொல்லாமல் அக்காவைப் பற்றிச் சொல்வது நேர்மையாகாது.

ஒரு பருவத் தேர்வின்போது எனக்கும் அவருக்கும் அடுத்தடுத்த அறைகளில் மேற்பார்வை. நடுவில் ஒரு கதவு திறந்திருந்தது. எனக்கு வயிற்றைப் புரட்டிக்கொண்டு வந்தது. “அக்கா, கொஞ்சம் பாத்துக்கங்க, வந்துர்றேன்” என்று சொல்லிவிட்டுக் கழிவறைப் பக்கம் போனேன். நான் வெளியே இருந்த நேரத்தில் பறக்கும் படை என் அறைக்குள் நுழைந்து, போனைப் பார்த்து எழுதிக்கொண்டிருந்த இரண்டு பேரைப் பிடித்துவிட்டது. அறையில் ஆசிரியர் இல்லை. நான் எவ்வளவு நேரம் இல்லை என்பதுதான் விசாரணையில் பெரிய கேள்வியாக இருந்தது. துறைத்தலைவரின் அறைக்குப் போகும் முன் நடையில் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டேன்.

“ரெண்டு நிமிஷம்தான்னு சொல்லுங்கக்கா. உங்க வாயால சொன்னா நம்புவாங்க.”

உள்ளே அவர் சொன்னது இது: “அவ வெளிய போறத பாத்தேன் சார். திரும்பி வந்தத பாக்கல. என் ஹால்ல ஒரு பையன் பேப்பர் கேட்டான், அந்தப் பக்கம் திரும்பிட்டேன்.”

அடுத்த பருவத்துக்கு எனக்கு வகுப்பு ஒதுக்கவில்லை. போக வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. கால அட்டவணையில் என் பெயர் இல்லை, அவ்வளவுதான். அக்கா வாசல்வரை வந்தார். “நான் உன்ன நம்புறேன்டி. ஆனா பாக்கலயே” என்றார். “நீங்க வண்டையே பாத்துக்கிட்டு இருங்க” என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறினேன். அதன்பின் இரண்டு வருடங்களுக்கு மேல் அவரோடு பேசவில்லை. அவர் கூப்பிட்டபோதெல்லாம் எடுக்கவில்லை.

குழந்தை பிறந்து, வண்டியூர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். ஒருநாள் சாயங்காலம் தெப்பக்குளத்தின் சுவரோரம் பிள்ளையைத் தள்ளுவண்டியில் வைத்து நடந்துகொண்டிருந்தபோது, எங்கள் துறையில் ஆய்வக உதவியாளராக இருந்த அண்ணனைப் பார்த்தேன். பேச்சுவாக்கில் அவர்தான் சொன்னார்.

“அன்னிக்கு நீங்க போன பெறகு ஒரு லெட்டர் அடிச்சாங்கம்மா. பரீச்சை ஆரம்பிச்சதுல இருந்தே நீங்க ஹால்ல இல்லைன்னு. நம்ம சொடக்கு மேடத்தக் கையெழுத்துப் போடச் சொன்னாங்க. ‘ஆரம்பத்துல இருந்தத நான் பாத்தேன், எப்பிடிப் போடுவேன்’னு முடியாதுன்னுட்டாங்க. போட்டிருந்தா உங்களுக்கு வேற எங்கயுமே வேலை கெடச்சிருக்காது. அதுலருந்து மேடத்துக்கும் பாதி கிளாஸ்தான் தர்றாங்க.”

தள்ளுவண்டியைத் திருப்பிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவனியாபுரம் போனேன்.

கதவைத் திறந்த அக்கா இளைத்துப்போயிருந்தார். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. அவருடைய அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்து, இடுப்பெலும்பு முறிந்து, அறுவை சிகிச்சை முடிந்து படுக்கையில் இருந்தார். பத்து வயதிலிருந்து அடுத்தவர் வயலில் நடவும் களையெடுப்புமாகக் கூலி வேலை பார்த்தவர். கணவர் போன பிறகு, படித்து வேலைக்கு வந்த ஒரே மகளோடு நகரத்துக்கு வந்தவர். கட்டில் இப்போது அம்மாவுக்கு. பெட்டிகள் கட்டிலை ஒட்டிய ஒரு பலகையில், அம்மாவின் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தன. அக்கா காலையில் அவரைத் துடைத்து, கஞ்சி கொடுத்து, மாத்திரை எடுத்து வைத்துவிட்டுக் கல்லூரிக்குப் போவார். நடுவில் பக்கத்து வீட்டம்மா எட்டிப் பார்ப்பார்.

“டிவியப் போட்டுக் குடுத்தேன், வேண்டாம்னுட்டாங்க” என்றார் அக்கா.

“அதுல ஒரே அழுகாச்சிம்மா” என்றார் அம்மா, ஒரு பெட்டியின் தாளைத் தூக்கிக் காட்டி. “இது தேவல. சத்தம் போடாம அது பாட்டுக்கு அது இருக்கு.”

அம்மா கண்ணயர்ந்த பிறகு அக்காவிடம் சொன்னேன். அன்றைக்கு நான் வெளியே இருந்தது இரண்டு நிமிடம் இல்லை. இருபது நிமிடத்துக்கும் மேல். எனக்கு அப்போது இரண்டாம் மாதம், யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. அதற்கு முன் ஒன்று தங்காமல் போயிருந்தது. கழிவறையில் துணியில் ரத்தம் பட்டிருந்ததைப் பார்த்து, இதுவும் போய்விட்டதென்று பின்வாசல் படியில் உட்கார்ந்துவிட்டேன். அதற்குமேல் எழுந்திருக்க முடியவில்லை. அன்று போகாமல் தங்கியதுதான் என் பிள்ளை.

அக்கா கோபமாக, நான் அவரிடம் அதுவரை கேட்டிராத குரலில், “கூப்புட்டிருந்தா ஹால அப்பிடியே போட்டுட்டு உன்ன ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிருப்பேன்லடி” என்றார். நான் பொய் சொல்லச் சொன்னதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அதன்பின் மாதம் ஒருமுறையாவது போய்வந்தேன். அவருடைய ஆய்வேடு ஒருவழியாக முடிந்து, வாய்மொழித் தேர்வுக்கு நாள் குறித்தார்கள். இதனால் அவருக்கு நிரந்தர வேலை கிடைத்துவிடவில்லை என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். இன்றும் மணிக்கணக்குச் சம்பளம்தான், வேறொரு கல்லூரியில். அன்று காலை பக்கத்து வீட்டம்மாவுக்கு ஏதோ சாவு வீடு. அம்மாவைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை. சக்கர நாற்காலியை ஆட்டோவில் ஏற்றி, துறையின் படிகளில் அம்மாவை நானும் ஆய்வக உதவியாளர் அண்ணனும் தூக்கிக்கொண்டு போய், கூட்ட அறையின் கடைசி வரிசையில் உட்காரவைத்தோம்.

வெளியூரிலிருந்து வந்திருந்த தேர்வாளர் வயதானவர், வறட்டு இருமல்காரர். ஆய்வேட்டை வரிவரியாகப் படித்திருந்தார். ஒரு பக்கத்தில் விரலை வைத்துக்கொண்டு நிமிர்ந்தார்.

“வண்டு வெளிவந்ததப் பத்தின எடத்துல ‘கண்டவர்: என் அம்மா’ன்னு போட்டிருக்கீங்க. இது என்னம்மா?”

“நான் அப்ப காலேஜ்ல கிளாஸ் எடுத்துக்கிட்டு இருந்தேன் சார். அம்மாதான் பாத்தாங்க. அவங்க சொன்னத எழுதி, படிச்சுக் காட்டி, சரின்னு சொன்ன பெறகு சேத்தேன்.”

துறைத்தலைவர் நெளிந்தார். “நான் அத எடுத்துரச் சொன்னேன் சார். கேக்கல.”

“அம்மா என்ன படிச்சிருக்காங்க?”

“படிக்கல சார். வயக்காட்டு வேலைக்குப் போனவங்க.”

“வந்திருக்காங்களா?”

எல்லாத் தலைகளும் பின்னால் திரும்பின. அம்மா சேலை முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டார். தேர்வாளர் எழுந்து, வரிசைகளுக்கு நடுவே நடந்து வந்து, அவருக்கு முன்னால் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார்.

“என்னம்மா பாத்தீங்க?”

“இவ போறப்ப வெள்ளையாத்தான்யா கெடந்துச்சு, மண்ணுக்குள்ள ஒரு பொந்து பண்ணி. கண்ணு மட்டும் கருப்பு. காலெல்லாம் நெஞ்சோட மடக்கி வச்சு, பச்சப்புள்ள கணக்கா. பக்கத்துப் பள்ளிக்கூடத்துல சோத்து மணி அடிச்சப்ப பாக்கேன், நடுமுதுகுல ஒரு கீறல். நெளிஞ்சு நெளிஞ்சு தோலப் பின்னால தள்ளுச்சு. தலை வந்துச்சு, பெறகு முன்னங்காலு. றெக்கை கசங்கின துணியாட்டம் இருந்து, நீவி விட்டாப்புல ஆயிருச்சு. ஆனா எல்லாமே வெள்ளை. இவ காட்டுற வண்டு கருப்பால்ல இருக்கும், இது என்ன இப்பிடிப் பொறந்திருக்குன்னு பயந்துட்டேன்.”

“முழுசா வெளிய வர எம்புட்டு நேரம் ஆச்சு?”

“கடியாரம் பாக்கத் தெரியாதுய்யா. அடுத்த மணி அடிக்கிறதுக்குள்ள வந்துருச்சு.”

“சரிம்மா. எப்ப கறுத்துச்சு?”

“அதப் பாக்கலய்யா. அந்த மாத்திரையப் போட்டா அசத்திரும். முழிச்சப்ப லேசாப் பழுப்பா இருந்துச்சு. நடுவுல என்ன நடந்துச்சுன்னு கேட்டீகன்னா எனக்குத் தெரியாது.”

தேர்வாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “நிறம் மாறுன நேரம் ஏன் விட்டுப்போச்சுன்னு கேக்க வச்சிருந்தேன். இனி கேக்க வேண்டியதில்ல” என்று துறைத்தலைவரைப் பார்த்துச் சொன்னார்.

எங்களை வெளியே காத்திருக்கச் சொன்னார்கள். கதவு திறந்து பட்டத்துக்குப் பரிந்துரைப்பதாக அறிவித்தபோது மாணவர்கள் கைதட்டினார்கள். அக்கா கும்பிட்டார். நடைக்கு வந்து, அம்மாவின் நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். “செத்த இரு, வாரேன்” என்று என்னிடம் சொன்னார். நான் உள்ளே போய் எல்லோருக்கும் காபியும் சமோசாவும் கொடுத்துவிட்டு வருவதற்குள், அம்மாவின் மடியில் தலையைச் சாய்த்து, வாய் லேசாகத் திறந்திருக்க, அப்படியே தூங்கிப்போயிருந்தார். வாழ்த்துச் சொல்ல வந்த மாணவிகள் பூங்கொத்தோடு சுற்றி நின்றுகொண்டிருந்தார்கள்.

ரயிலைப் பிடிக்கக் கிளம்பிய தேர்வாளர் அக்காவிடம் சொல்லிக்கொள்ள வந்தார். எழுப்புவதற்கு நான் குனிந்தேன். அம்மா என் கையைத் தட்டிவிட்டார்.

“தூங்குறாய்யா” என்றார் அவரிடம். “நீங்க போயிட்டு வாங்க.”